பறந்துபோன ஸ்பிரிங்

கேரேஜ் தரையில் கன்னத்தைப் பதித்துப் படுத்தபடி, மேஜைக்கு அடியில் டார்ச் அடித்துக்கொண்டிருந்தார் வெர்ல் ஹாட்லாக். தேடியது ஒரு ஸ்பிரிங், அரிசி மணியைவிடக் கொஞ்சம் நீளம். அமெரிக்காவின் ஐடஹோவில் வீட்டிலேயே ரைபிள் செய்கிறவர்கள் எல்லாருக்கும் அது ஒரு தடவையாவது பறந்துபோயிருக்கும். வெர்லுக்கு இதோடு ஏழு.

மற்றதெல்லாம் தயார். தானே அடுத்த குண்டை ஏற்றிக்கொள்ளும் ரைபிள். அதன் வால்நட் மரப் பிடியைக் குளிர்காலம் முழுக்க இழைத்து எண்ணெய் தேய்த்திருந்தார். முடிந்ததும் மார்வாவிடம் காட்ட வேண்டும், காட்டிய கையோடு, தான் சுடும் ஹக்கிள்பெர்ரிப் பழப் பலகாரம் சாப்பிட வீட்டுக்கு வரச்சொல்லிக் கேட்டுவிட வேண்டும். மனைவி இறந்து ஆறு வருஷம். சாப்பாட்டு மேஜையில் இரண்டாவது தட்டு வைக்க அவருக்கு அவ்வளவு ஏக்கம்.

மார்வா துப்பாக்கி உதிரிபாகக் கடையில் வேலை பார்ப்பவள். அவளும் தனி ஆள்தான். ஸ்பிரிங் தனியாகக் கிடைக்காது; அதோடு சேர்த்துப் பத்துச் சில்லறைப் பாகங்களைத் தன் கையால் பொட்டலம் கட்டி, மேலே வாங்குகிறவர் பெயரை எழுதித் தருவாள். சனிக்கிழமைதோறும் வெர்ல் போய் நிற்பார்.

"என்ன வெர்ல், மறுபடியும் பறந்துடுச்சா?"

இதைக் கேட்கத்தான் அவர் வாரம் பூராவும் காத்திருந்தார். வண்டியில் வரும்போது சாப்பிடக் கூப்பிடுவதை நாலு தடவை ஒத்திகை பார்த்திருப்பார். எதிரில் நின்றதும் "ஆமா, ஸ்பிரிங்" என்பதோடு வாய் அடைத்துவிடும்.

ஏழாவதைத் தேடிக் காந்தத்தை இழுத்துக்கொண்டு தரை முழுக்க நடந்தார். கிடைத்தது நாற்பது ஆணியும் மனைவியின் பழைய ஹேர்பின்னும்தான். ஹேர்பின்னைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

எட்டாவதுக்கு வாக்குவம் கிளீனரைப் பிரித்தார். ஸ்பிரிங் இல்லை, கிளீனரைத் திரும்பப் பூட்டவும் முடியவில்லை. சந்தேகம் நாய் மேல் திரும்பியது. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த மருத்துவர், வயிற்றில் ஒரு காலுறை மட்டும் இருப்பதாகச் சொன்னார்.

ஒன்பதாவதுக்கு, அனுபவசாலிகள் செய்வதுபோல, பெரிய கண்ணாடித்தாள் பைக்குள் இரண்டு கைகளையும் விட்டு, உள்ளேயே பொட்டலத்தைப் பிரித்தார். ஈகூடப் பறந்து வெளியே போக வழியில்லை. பாகங்களை எண்ணினார். ஒன்பது. ஸ்பிரிங்கைக் காணோம்.

கட்டியவள் மார்வா, அவள் எண்ணிக்கை தப்பாது. அப்படியானால் தப்பு தன் கண்ணில்தான். கண் போன கிழவனுக்குத் துப்பாக்கி எதற்கு, விருந்துதான் எதற்கு?

சனிக்கிழமை முடிக்காத ரைபிளைப் பெட்டியோடு கொண்டுபோய்க் கடையில் வைத்தார். மார்வா சாப்பிடப் போயிருந்தாள். முதலாளி டெல் மட்டும் இருந்தார்.

"இதை யாருக்காவது கொடுத்துடு டெல். எனக்குக் கண்ணு போச்சு. இனிமே இந்தப் பக்கம் வரமாட்டேன். மார்வாகிட்ட நீயே சொல்லிடு."

டெல் பெருமூச்சு விட்டு, மார்வாவின் டிராயரை இழுத்துக் காட்டினார்.

"ஒன்பது ஸ்பிரிங்கும் இங்கதான் இருக்கு வெர்ல். பொட்டலத்துல ஸ்பிரிங்கையும் சேர்த்துப் போட்டுட்டா அடுத்த சனிக்கிழமை நீ வரமாட்டியாமே."