நேர்த்திக் கடலையும் ஒட்டாத தாச்சியும்

எனக்கு முட்டை சமைக்கத் தெரியும். வேறு எதுவும் தெரியாது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. முட்டை பொரிக்கத் தெரிந்தவன் பட்டினி கிடந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. (வீட்டைவிட்டுப் போகப் பெட்டி அடுக்கியதாகக் கேள்விப்பட்டிருக்கிறேன். அவன் நான்தான்.)

சிட்னிக்குப் படிக்க வந்த காலத்தில் டூங்கபியில் ஓர் அன்ரி, அங்கிள் வீட்டில் அறை எடுத்து இருந்தேன். சொந்தக்காரர் இல்லை, அம்மாவுக்குத் தெரிந்தவருக்குத் தெரிந்தவர்கள். பிள்ளைகள் இல்லை. நான் போய் மூன்றாம் மாதமே அவர்களுடைய மேசையில் எனக்கென்று ஒரு கதிரை வந்துவிட்டது.

அன்ரி முட்டையில் கைகாரி. வெங்காயம், பச்சைமிளகாய், கறிவேப்பிலை எல்லாவற்றையும் பொடியாக அரிந்து போட்டு நுரை வர அடித்து ஊற்றுகிற பொரியல் ஒன்று. அவித்த முட்டையை முள்ளுக்கரண்டியால் குத்தி, மஞ்சள் பூசிப் பொரித்து, தேங்காய்ப்பால் விட்டு வைக்கிற குழம்பு இன்னொன்று. மிஞ்சிய புட்டுக்கு முட்டை உடைத்து ஊற்றிக் கொத்துவதும் உண்டு. மூன்றையும் நான் பக்கத்தில் நின்று பார்த்துப் பழகினேன். அதில் பொரியல் மட்டும்தான் ஒழுங்காக வந்தது. ஓரம் முறுகி, நடு மெத்தென்று இருக்கவேண்டும். அந்தப் பதத்துக்காக நான் எதையும் செய்யத் தயாராக இருந்தேன்.

ஒரே இடைஞ்சல் வெள்ளிக்கிழமை. அன்று அந்த வீடு சைவம். முட்டை மச்சம், அதாவது அசைவம்.

“இங்கத்தை முட்டையிலை உயிரே இல்லை அன்ரி. அதுவும் மரக்கறி மாதிரித்தான்” என்று ஒருமுறை விஞ்ஞானம் பேசிப் பார்த்தேன்.

“அப்ப கோழிக்குப் பதிலாக் கத்தரிச்செடியோ முட்டை போட்டது?” என்றார் அன்ரி. அத்துடன் விஞ்ஞானம் முடிந்தது.

குசினியிலும் எல்லாம் இரண்டாக இருந்தன. மச்சச் சட்டிகள் கீழ்த்தட்டில். சைவச் சட்டிகள் மேல்தட்டில். கலந்துவிடாமல் இருக்க, சைவச் சட்டிகளின் கைபிடியில் சிவப்பு நகப்பூச்சால் ஒரு பொட்டு வைத்திருந்தார். பொரிக்கிற தாச்சியும் இரண்டு. மச்சத் தாச்சி அடி சுரண்டுப்பட்டுக் கிழடு தட்டியது. சைவத் தாச்சி புதிது, வழுவழுவென்று எதுவும் ஒட்டாதது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கை துறுதுறுக்கும்.

ஒரு புதன்கிழமை எனக்கு பி.ஆர். கிடைத்தது. வெள்ளிக்கிழமை மத்தியானம் வீட்டில் தனியாக இருந்தேன். இருவரும் வேலைக்குப் போயிருந்தார்கள். நிரந்தரமாக இந்த நாட்டில் வாழ உரிமை பெற்றவனுக்கு ஒரு பொரியலுக்கு உரிமை இல்லையா என்று தோன்றியது. மேல்தட்டிலிருந்து தாச்சியை இறக்கினேன். இரண்டு முட்டை. என் வாழ்க்கையிலேயே அப்படி ஒரு பொரியல் வந்ததில்லை. தாச்சியைச் சாய்த்ததும் தானாக வழுக்கிச் சாப்பாட்டுக் கோப்பையில் இறங்கியது. பிறகு தாச்சியை மூன்று தரம் கழுவி, சாம்பிராணி கொளுத்தி, முட்டைக் கோதுகளை என் புத்தகப் பையில் ஒளித்துவிட்டு நல்ல பிள்ளையாகப் படுத்து நித்திரை கொண்டேன்.

பின்னேரம் அன்ரி எழுப்பினார். “வெளிக்கிடு தம்பி. மேய்ஸ் ஹில் முருகன் கோயிலுக்குப் போவம்.”

காரில் பின்னால் இருந்தேன். என் மடியில் ஒரு பெரிய சட்டி, சுடச்சுட.

“என்ன அன்ரி இது?”

“கடலை. உனக்கு பி.ஆர். கிடைச்சால் முருகனுக்குக் கடலை அவிச்சு வைக்கிறன் எண்டு நேர்ந்தனான். ரெண்டு வரியமா மனசுக்குள்ளை கிடந்தது.”

சட்டியின் மூடியைத் திறந்து மணந்து பார்த்தேன். “எதிலை தாளிச்சனீங்கள்?”

“சைவத் தாச்சியிலைதான். வேறை எதிலை?”

கோயில் வரைக்கும் கணக்குப் போட்டுக்கொண்டு போனேன். சொன்னால் வீடு போய்விடும். சொல்லாவிட்டால், கொடுத்த பி.ஆரை முருகன் திங்கட்கிழமையே திருப்பி வாங்கிவிடுவார். ஆனால் அந்தப் பயத்தைவிட, இரண்டு வருடமாக எனக்காக ஒருவர் மனதுக்குள் நேர்ந்திருந்தார் என்பதுதான் பெரிதாகத் தெரிந்தது. அங்கிள் காரை நிறுத்தினார். அன்ரி சட்டியை வாங்கக் கை நீட்டினார். நான் கொடுக்கவில்லை.

“அன்ரி, மத்தியானம் அந்தத் தாச்சியிலை முட்டை பொரிச்சனான்.”

அன்ரி முன்கண்ணாடியைப் பார்த்தபடி இருந்தார். “வாங்கின நாளிலை இருந்து அதிலை மச்சம் பட்டதில்லை” என்றார் மெதுவாக.

அங்கிளுக்கு என்னைக் காப்பாற்றவேண்டும் போல் இருந்திருக்கவேண்டும். “பெடியனிலை பிழையில்லை இஞ்சேரும். அதிலைதான் ஒட்டாது.”

அன்ரி திரும்பி அவரைப் பார்த்தார். “உங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

அங்கிள் காரின் சாவியைத் தேடத் தொடங்கினார். சாவி அவர் கையிலேயே இருந்தது.

“சாமிக்கு வைக்கேலாது. கொட்டினாலும் பாவம்” என்றார் அன்ரி. “நான் கும்பிட்டிட்டு வாறதுக்குள்ளை ரெண்டு பேரும் இருந்து முழுக்கத் தின்னுங்கோ.” கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

ஐம்பது பேருக்கு அவித்த கடலை. நாங்கள் இருவரும் மூச்சு விடாமல் அள்ளித் தின்றோம். அப்போது யாரோ கண்ணாடியைத் தட்டினார். கோயிலில் தேவாரம் பாடுகிறவர். எல்லாருக்கும் அவர் தேவாரம் அண்ணை.

“கடலையோ? நல்ல வாசமாக் கிடக்கு. ஒரு பிடி தாங்கோ.”

வெள்ளிக்கிழமை விரதக்காரருக்கு எப்படிக் கொடுப்பது? உண்மையைச் சொன்னால் அன்ரியின் மானம் போய்விடும். நான் சட்டியைக் கட்டிப் பிடித்தேன்.

“தரேலாது அண்ணை. எங்களுக்கே காணாது.”

அவர் சட்டிக்குள் எட்டிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நீட்டிய கையை மடக்கிக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த நாள் காலையில் நான் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தேன். அன்ரி ஒரு கோப்பையுடன் அறைக்குள் வந்தார். முட்டைப்பொரியல், ஓரம் முறுக.

“இண்டைக்குச் சனி. சாப்பிட்டிட்டுப் பெட்டியைக் கட்டிலுக்குக் கீழை தள்ளு. நீ சொல்லாமல் விட்டிருந்தால் நானே வெளியிலை வைச்சிருப்பன்.”

நான் அழுதுகொண்டே தின்றேன். (உப்புக் கூடிப்போனதற்கு அன்ரி பொறுப்பில்லை.)

பி.ஆர். தப்பியது. என் பெயர்தான் தப்பவில்லை. மேற்கு சிட்னித் தமிழருக்கு நான் அன்றிலிருந்து ‘கடலை தராத பெடியன்’. என் கலியாணத்தில் தேவாரம் அண்ணை அறுகரிசி போட்டு வாழ்த்திவிட்டு, “பிள்ளை, உன்ரை பங்கை முதலே எடுத்து வைச்சிடு” என்று என் மனைவிக்குப் புத்தி சொன்னார். அன்ரி கேட்டுக்கொண்டிருந்தாரே தவிர வாய் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை.

போன வருடம் அங்கிள் காலமாகிவிட்டார். எட்டாம் நாள் வீடு நிறையச் சனம். அன்ரி ஒரு மூலையில் தலை குனிந்து இருந்தார். தேவாரம் அண்ணை பழைய கதைகள் சொல்லி, கடைசியில் கடலைக்கு வந்தார்.

“அவர் தங்கமான மனுசன். அந்த ஒரு நாள்தான் அவற்ரை காரடியிலை கை நீட்டி, இல்லையெண்டு போனனான்.”

அன்ரி நிமிர்ந்தார். “அண்ணை, அது முட்டை பொரிச்ச தாச்சியிலை தாளிச்ச கடலை. இவன் ஒருநாள்தான் பொரிச்சவன். அந்த மனுசன் எத்தினை வெள்ளி பொரிச்சதோ, கடைசிவரைக்கும் எனக்குச் சொல்லேல்லை.”

சொல்லும்போதே சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார். பிறகு துடைத்துக்கொண்டே இருந்தார். நானும் அழுதேன்.

தேவாரம் அண்ணை மட்டும் யோசித்துக்கொண்டிருந்தார்.

“அதுதான் அவ்வளவு வாசம்” என்றார்.