ஆர்வித் மீன் பிடிக்கப் போன குளிர்காலம்

"பனி ஏரியில துளை போட்டுப் பிடிச்ச மீனு, தோலுரிச்சு முள்ளெடுத்தே வெளியில வருமோ?" என்று கேட்டாள் ஆர்வித்தின் மனைவி மார்லிஸ்.

"கூட வந்தவன் சுத்தம் பண்ணிக் குடுத்தான்."

அமெரிக்காவின் மினசோட்டாவில் பால்வண்டி ஓட்டி ஓய்வுபெற்றவர் ஆர்வித். பொய் சொல்லிப் பழக்கமில்லை. என்ன செய்ய? கைநடுக்க நோய் முற்றிவிட்ட மார்லிஸ் தீர்மானமாகச் சொல்லிவிட்டாள்:

"நீ என்னைக் குளிப்பாட்டுறதா? வெட்கத்துலயே செத்துடுவேன். பனி உருகினதும் முதியோர் இல்லத்துக்குப் போயிடறேன்."

முறையாகக் கற்ற கையென்றால் மறுக்கமாட்டாள் என்று நினைத்தார். நேரே ஊர்க் கல்லூரியின் செவிலியர் துறைக்குப் போய் நின்றார்.

"பட்டப்படிப்புக்கா?" என்றாள் அலுவலகப் பெண்.

"பட்டமெல்லாம் வேணாம்மா. ஒருத்தியைப் பார்த்துக்கத் தெரிஞ்சா போதும். அந்த ஒரு பாடத்தை மட்டும் குடு."

வீட்டில் சொன்னது, வாரம் ஒருநாள் மீன்பிடிக்கப் போகிறேன் என்று.

அடுத்த வாரம் முழு மீனாக வாங்கிவந்தார். மார்லிஸ் அதைப் புரட்டிப் பார்த்தாள்.

"இது கடல்மீனாச்சே! அவ்வளவு தூரம் நீந்தியா வந்துச்சு?"

அதற்கடுத்த வாரம், "ஒண்ணும் கடிக்கல" என்று வெறுங்கையோடு வந்தார். அவள் கோட்டை முகர்ந்தாள்.

"மீன் வாடையே இல்ல. ஆஸ்பத்திரி சோப்பு மணக்குது. யாருய்யா அவ?"

பயந்துபோய், மறுமுறை கோட்டில் டப்பாவில் அடைத்த மத்தி மீனின் எண்ணெயைத் தடவிக்கொண்டார். வகுப்புப் பெண்கள் மூக்கைப் பொத்தினார்கள்.

"தாத்தா, மயங்கின நோயாளி முன்னாடி நீங்க போய் நின்னாலே போதும், எழுந்துடுவாங்க" என்றாள் ஒருத்தி. வீட்டுக்கு வந்தால், நாய் ஒரு கையைக் கடித்தே தின்றுவிட்டது. நல்லவேளை, கோட்டின் கை.

செய்முறைத் தேர்வு வந்தது. பொம்மை அல்ல, தானாக முன்வந்த ஓர் ஆளைப் படுக்கையிலேயே துடைத்துக் குளிப்பாட்ட வேண்டும். ஆர்வித் வெந்நீரின் சூட்டை முழங்கையால் பார்த்தார்.

"வணக்கம் மேடம், உங்க சம்மதத்தோட..." என்று மனப்பாடமாகச் சொல்லியபடி திரையை விலக்கினார்.

போர்வைக்கு மேல் மார்லிஸின் முகம்.

"நீயா!" என்றார்கள் இருவரும்.

"நீ... இங்க என்ன பண்றே?" என்றார் ஆர்வித்.

மார்லிஸ் காது வரை சிவந்து சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். துண்டு கொண்டுவந்த பணிப்பெண்தான் பதில் சொன்னாள்:

"குளிர்காலம் பூரா பக்கத்து வகுப்புக்கு வர்றாங்க, சார். பிள்ளைங்க இவங்களைக் குளிப்பாட்டித்தான் கத்துக்குதுங்க. வீட்டுக்காரர் கையால குளிக்கணுமாம். அதுக்குக் கூச்சம் போகப் பழகிக்கிறாங்க."