மூக்காண்டியின் கிணற்றில் ஒளிந்திருந்த எதிரி

ஒரு காட்டில் மூக்காண்டி என்றொரு பெருச்சாளி இருந்தார். எந்தக் காடு என்று கேட்காதீர்கள், அதைச் சொல்வதற்கும் மேலிடத்து அனுமதி வேண்டுமாம். பெருச்சாளிக்கு என்னய்யா மரியாதை என்றும் கேட்காதீர்கள். அவர் பாறைக்கு வேட்டு வைக்கிறவர். வேட்டு வைக்கிறவரிடம் மரியாதையாகப் பேசுவதுதான் உடம்புக்கு நல்லது.

அவருக்குப் பாதி வால்தான். மீதிப் பாதி, இளவயதில் ஒருநாள் விசில் அடிக்காமல் திரி கொளுத்தியதில் போய்விட்டது. அதற்குப் பிறகு அவர் முறை தப்பியதே இல்லை. முதலில் சிவப்புத் துணியைக் கட்டுவார். முதல் விசிலுக்கு வேலையை நிறுத்த வேண்டும், இரண்டாவதுக்கு ஓட வேண்டும், மூன்றாவது அடித்தால் திரி பற்றிவிட்டது என்று அர்த்தம். தும்மல் வந்தால்கூட ஒரு விசில் அடித்துவிட்டுத்தான் தும்முவார்.

தலைமுறைத் தொழில். அவர் பாட்டனார் காலத்தில் பாறையைத் தீ மூட்டிச் சுடவைத்து, மேலே தண்ணீர் ஊற்றிப் பிளந்தார்கள். அப்புறம் கரிமருந்து வந்தது. முதலில் திருவிழா வாணத்துக்குத்தான் வந்தது. வாணம் தலையில் விழுந்தால் தலை பிளக்கும் என்று எவனோ பார்த்துவிட்டான், அது சண்டைக்குப் போய்விட்டது. தலைகளைப் பிளந்து பிளந்து அலுத்த பிறகுதான் பாறை ஞாபகமே வந்தது. கடைசியில் குச்சி வெடி வந்தது. இந்தச் சத்தத்தைக் கேட்டால் இனி எவனும் சண்டைக்கே வரமாட்டான் என்று பெரியவர்கள் சொன்னார்கள். வந்தார்கள், ஆளுக்கு இரண்டு குச்சியோடு.

அந்த வருஷம் மழை பொய்த்தது. மூக்காண்டி வீட்டுக்குப் பின்னால் கிணறு தோண்டினார். நாற்பது அடியில் பாறை வந்து குறுக்கே படுத்துக்கொண்டது. காதை வைத்துக் கேட்டால் அடியில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்கிறது. அவர் மனைவி வெள்ளத்தாய் வெறும் குடத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சொன்னாள்: "ஆடி பிறக்கிறதுக்குள்ள தண்ணி வரலைன்னா, நான் பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு எங்க அண்ணன் காட்டுக்குப் போயிருவேன். நீங்க அந்தப் பாறையோட குடும்பம் நடத்துங்க."

சொன்னால் செய்கிறவள். மூக்காண்டி மறுநாளே வெடிமருந்து அலுவலகத்தில் போய் வரிசையில் நின்றார்.

மேசைக்குப் பின்னால் ஓர் உடும்பு உட்கார்ந்திருந்தது. உடும்புப் பிடி என்பது அந்தக் காட்டில் வெறும் சொல்வழக்கு இல்லை, உத்தியோகத் தகுதி.

"எத்தனை குச்சி?"

"ரெண்டே ரெண்டு, சார்."

"வெடியின் நோக்கம்?"

"தண்ணி. வீட்டில குடிக்க இல்லை."

உடும்பு பதினேழு படிவங்களை எடுத்து நீட்டியது. ஒவ்வொன்றிலும் மூன்று நகல். சுற்றுவட்டாரத்தில் குடியிருக்கும் அத்தனை பேரும் ஆட்சேபணை இல்லை என்று நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும். முயல் வந்தது, காடை வந்தது. நத்தை பங்குனியில் புறப்பட்டது, வைகாசி முடியப்போகிறது, இன்னும் புளியமரத்தைத் தாண்டவில்லை. மூக்காண்டிக்கு அழுகை வந்தது. வரிசையில் நின்றுகொண்டே அழுதார், இடம் போய்விடும் என்று கண்ணைக்கூடத் துடைக்கவில்லை.

அப்போது தளபதி காட்டெருமை வரிசையை இடித்துக்கொண்டு உள்ளே போனது. பத்து வண்டி வெடி ஏற்றிக்கொண்டு வெளியே வந்தது. ஒரு கையெழுத்து இல்லை.

"சார், அவருக்குப் படிவம் கிடையாதா?" என்றார் மூக்காண்டி.

"அவர் நோக்கத்தைச் சரியா எழுதியிருக்கார்யா. 'எதிரி'ன்னு."

"எங்க வீட்டில அஞ்சு பிள்ளைங்க தண்ணியில்லாம கிடக்குதுங்க."

"தாகம் அவசரத்துல வராது. சண்டைதான் அவசரம். அடுத்தவர் வாங்க."

மூக்காண்டி வாசலில் கொஞ்ச நேரம் நின்றார். பாதி வால் இரண்டு தடவை ஆடியது. நேரே தளபதியிடம் ஓடினார்.

"ஐயா, எங்க கிணத்துக்குள்ள எதிரி ஒளிஞ்சிருக்கான்."

"எத்தனை பேர்?"

"தெரியலைங்க. ஒரு சத்தமும் இல்லை."

"சத்தமே இல்லையா? அப்போ பெரிய படை" என்றது காட்டெருமை.

பொழுது சாய்வதற்குள் படை வந்து கிணற்றைச் சுற்றிவிட்டது. பத்து வண்டியையும் உள்ளே கொட்டு என்றது தளபதி. அத்தனையும் கொட்டினால் கிணறு என்ன, வீடு என்ன, வெள்ளத்தாய் என்ன. மூக்காண்டி காலில் விழாத குறையாகக் கெஞ்சினார். "ஐயா, பாறைக்கு அடியில இருக்கவனை மேல வெடிச்சா ஒண்ணும் பண்ணாது. நான் துளை போட்டு ரெண்டு குச்சி வைக்கிறேன். மிச்சத்தை அடுத்த சண்டைக்கு வச்சுக்கோங்க." மிச்சம் என்றதும் தளபதிக்கும் சம்மதம்.

துளை போட்டார், குச்சி வைத்தார், மேலே ஏறி வந்தார். சிவப்புத் துணியைக் கட்டினார். கை பழக்கத்தில் தானாகப் போய் விசிலை வாயில் வைத்தது. முதல் விசில். இரண்டாவது விசில்.

"யோவ்" என்றது தளபதி. "எதிரிக்கே சேதி சொல்றியா? நீ யார் ஆளு?"

மூக்காண்டிக்கு வியர்த்துவிட்டது. "பயந்து வெளிய வருவான், பிடிச்சிரலாம்னுதாங்க" என்று உளறிவைத்தார். அது வினையாகப் போயிற்று. படை முழுக்க எதிரியைப் பிடிக்கக் கிணற்று விளிம்பில் வந்து தலையை நீட்டிக்கொண்டு நின்றது. தள்ளிப் போங்கள் என்றால் எவனும் அசையவில்லை. நீண்ட திரியின் மறுமுனையில் நின்ற மூக்காண்டிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கொளுத்தினால் இத்தனை தலையும் போகும். எதிரி இல்லை என்று ஒப்புக்கொண்டால் அவர் தலை போகும்.

அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு கத்தினார்: "ஐயோ, எதிரி மேல ஏறி வாரான்!"

அந்தக் காட்டில் அவ்வளவு வேகமாக ஓர் இடம் காலியானதை யாரும் பார்த்ததில்லை. தளபதிதான் எல்லோருக்கும் முன்னால் ஓடியது. மூக்காண்டி நிதானமாக திரியைக் கொளுத்தி மூன்றாவது விசிலை அடித்தார். பாறை பிளந்தது. பத்தடி உயரத்துக்குத் தண்ணீர் வந்தது. வெள்ளத்தாய் கவிழ்த்து வைத்த குடத்தை நிமிர்த்தினாள்.

மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து தளபதி கேட்டது: "எதிரி என்ன ஆனான்?"

"கரைஞ்சே போயிட்டாங்க, ஐயா."

மறுநாள் கிணற்றடியில் வெற்றித் தூண் நட்டார்கள். பக்கத்தில் ஒரு பலகையும் வைத்தார்கள்: 'கைப்பற்றப்பட்ட எதிரிப் பகுதி. அனுமதியின்றித் தண்ணீர் இறைக்கக் கூடாது.' பலகைக்குக் கீழே மேசை போட்டு உடும்பு உட்கார்ந்திருந்தது.

வெள்ளத்தாய் புருஷனை ஒரு பார்வை பார்த்தாள். மூக்காண்டி குடத்தை வாங்கிக்கொண்டு வரிசையில் போய் நின்றார்.

"நோக்கம்?" என்றது உடும்பு.

"எதிரி கரைஞ்ச தண்ணி சார் இது. விசாரிக்கணும். தினம் ஆறு குடமாக் கைது பண்ணிக் கொண்டுபோறேன்."

உடும்பு தலை நிமிராமல் முத்திரை குத்தியது. பிறகு அக்கம்பக்கம் பார்த்துவிட்டு மெல்லக் கேட்டது: "எங்க வீட்டுக்கும் ரெண்டு கைதி அனுப்ப முடியுமாய்யா?"

நீதி: தாகம் எடுத்த பிறகு கிணறு வெட்டக் கூடாது என்பார்கள். தாராளமாக வெட்டலாம், உள்ளே எதிரி இருப்பதாக எழுதிக் கொடுத்தால் போதும். ஆனால் விசில் அடிக்க மறக்காதீர்கள், வால் ஒன்றுதான் இருக்கிறது.