டோரீன் வீட்டு ஜன்னல் திரை

கிரெய்ல்பி,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள ஐரிஸ் அக்காவுக்கு,

டோரீன் எழுதுவது. இங்கே நானும் நெவிலும் ஜோசியும் நலம். அங்கே நீயும் ஸ்டான்லி அத்தானும் அவருடைய முழங்காலும் நலமாக இருக்க வேண்டுகிறேன். நீ போட்ட பிறந்தநாள் வாழ்த்து, எப்போதோ நாங்கள் இருந்த வீட்டுக்குப் போய், அங்கிருந்து அடுத்த வீட்டுக்குப் போய், கடைசியில் கிழிந்த உறையோடு என் கைக்கு வந்தது. இனி அந்தத் தொல்லை இல்லை. மேலே இருக்கிற முகவரியை இந்தத் தடவை பென்சிலில் எழுதாதே, பேனாவாலேயே எழுதி வை. உன் தங்கை ஒருவழியாக ஓரிடத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

கால்பந்து விளையாடுகிறவனைக் கட்டிக்கொண்டால் நாலு ஊர் பார்க்கலாம் என்று அன்றைக்கு நீதானே சொன்னாய்? பார்த்தேன், தாயே. துறைமுக ஊர், நிலக்கரி ஊர், மீன் நாற்றத்தில் தலைவலி வருகிற ஊர் எல்லாம் பார்த்தாயிற்று. எங்கே போனாலும் கடைசிப் படியான நான்காம் டிவிஷன். நல்ல காலம் பிறந்தால் மூன்றாம் டிவிஷன். ஒவ்வொரு ஊரிலும் மேனேஜர், "நெவில், கோல் போட நீதான்பா நமக்கு" என்று தோளில் கை போடுவார். அடுத்த மே மாதம் அதே கை வாசலைக் காட்டும். ஒவ்வொரு வீட்டு ஜன்னலும் ஒவ்வொரு அளவு. நான் துணி எடுத்து, வெட்டி, ஓரம் தைத்து முடிப்பதற்குள் லாரி வந்து நின்றுவிடும். கல்யாணமானதிலிருந்து என் வீட்டு ஜன்னல்களில் படுக்கை விரிப்புதான் தொங்குகிறது. என் பெண் ஜோசி ஒரே வாக்கியத்தில் மூன்று ஊர்ப் பேச்சுப் பேசுகிறாள். "இந்த ஊரை விட்டு என் பிணம்தான் நகரும்" என்று நெவிலிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

ஆனால் நான் சொன்னால் போதுமா? இவருக்கு முப்பத்துமூன்று வயது. இந்த சீசனில் பதினைந்து கோல் போட்டால் ஒப்பந்தம் தானாக இரண்டு வருஷம் நீளும், இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான் என்று பேச்சு. ஈஸ்டருக்குள் பதினாலு போட்டுவிட்டார். எப்படிப் போட்டார் என்று மட்டும் கேட்காதே. முழங்காலில் பட்டுப் போனது, முகவாயில் பட்டுப் போனது, காதில் பட்டுப் போனது. காலால் போட்டது எது என்றால் யோசித்துத்தான் சொல்வார். இன்னும் ஒன்றுதான் பாக்கி என்றதும் கிளப் சேர்மன் இரண்டு வருஷச் சம்பளத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தார். அவர் போய் மேனேஜர் பிரம்லியின் காதில் என்னவோ ஓதினார். மறுநாள் காலையில் இவர் ரொட்டியைக் கடித்துக்கொண்டே பேப்பரைப் பிரித்தார்.

"டோரி, எனக்குத் தொடையில காயமாம்!"

"எந்தத் தொடையில?"

"அது போடல."

இந்த மனுஷன் எவ்வளவு அப்பாவி என்றால், சாயங்காலம் லேசாக நொண்டவே ஆரம்பித்துவிட்டார். அதிலிருந்து ஒரு ஆட்டத்திலும் இறக்கவில்லை.

எனக்கு வாய் சும்மா இருக்குமா? இறைச்சிக் கடைக்காரர் மனைவி மேவிஸிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். மஞ்சளில் பூப்போட்ட திரைத்துணி தைத்து மடித்து வைத்திருப்பதையும், அந்தப் பதினைந்தாவது கோல் விழுந்தால்தான் அதை மாட்டுவேன் என்பதையும் சேர்த்துத்தான். "யார்கிட்டயும் சொல்லிடாதே" என்றும் சொன்னேன்.

நேற்று கடைசி ஆட்டம். கேன்டீனில் இறைச்சி அடைத்த பலகாரம் தின்று பாதி ஆட்களுக்கு வயிற்றுப்போக்கு. மாற்று ஆளாக உட்கார வேறு நாதியில்லாமல் இவரைக் கூப்பிட்டார்கள். நான் உட்காரவே இல்லை, அக்கா. எழுந்தேன், நடந்தேன், டீ வாங்கினேன், குடிக்காமல் கீழே வைத்தேன். இடைவேளைக்குப் பிறகு இளவட்டம் ஒருவன், இவருடைய இடத்தில் ஆடுகிறவன், கணுக்காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். பிரம்லி நெவிலைப் பார்த்தார், சேர்மனைப் பார்த்தார், ஆகாயத்தைப் பார்த்தார். அப்போது கோலுக்குப் பின்னால் நின்ற கூட்டம் மொத்தமும் கத்த ஆரம்பித்தது பார்: "திரையைப் போடு, பிரம்லி! டோரீனுக்குத் திரையைப் போடு!"

நான் மேவிஸைத் திரும்பிப் பார்த்தேன்.

"சத்தியமா வெளியில யார்கிட்டயும் சொல்லல டோரீன். கடைக்கு வந்தவங்ககிட்ட மட்டும்தான்."

வேறு வழியில்லாமல் இறக்கிவிட்டார்கள். ஆளே இல்லாத கோலில் அடிக்கத் தெரியாமல் இரண்டு தடவை ஆகாயத்துக்கு அனுப்பினார். பிறகு, கீழே இறங்கிய காலுறையை இழுத்துவிடக் குனிந்தார். அதே நேரம் எதிரணி கோல்காப்பாளர் உதைத்த பந்து இவருடைய பின்பக்கத்தில் மடேரென்று பட்டு, உதைத்தவன் தலைக்கு மேலேயே திரும்பிப் போய் உள்ளே விழுந்தது! எல்லாரும் தன்னைப் பார்த்து ஏன் ஓடிவருகிறார்கள் என்று தெரியாமல், அடிக்கத்தான் வருகிறார்கள் என்று இவர் ஓட ஆரம்பித்துவிட்டார். சேர்மன் முகத்தில் ஈயாடவில்லை.

இன்று காலை நாற்காலி போட்டு ஏறித் திரையை மாட்டினேன். தெருவில் போனவர்கள் நின்று கைதட்டினார்கள். உன் தையல் எந்திரத்தைத் திருப்பிக் கேட்டிருந்தாயே, இனி எனக்குத் தேவைப்படாது. வியாழக்கிழமை ரயிலில் அனுப்பிவைக்கிறேன். அத்தானுக்கு என் வணக்கத்தைச் சொல். உங்கள் வீட்டில் எல்லாரும் எந்தக் குறையும் இல்லாமல் நன்றாக இருங்கள்.

உன் பிரியமுள்ள தங்கை,
டோரீன்

பி.கு.: செவ்வாய்க்கிழமை. இதைத் தபாலில் சேர்ப்பதற்குள் போன் வந்தது. இவர்தான் எடுத்தார், நான் அடுப்படியில் நின்று கேட்டேன். "மன்னிச்சிடுங்க சார், ரொம்ப நன்றி சார், வீட்ல திரை மாட்டிட்டாங்க" என்று சொல்லி வைத்துவிட்டு, தப்பான நம்பர் என்றார். பிறகு கழுவி வைத்த கோப்பைகளையே மறுபடி கழுவினார். பிடுங்கிப் பிடுங்கிக் கேட்டதில் உண்மை வந்தது. இரண்டாம் டிவிஷனில் ஆடக் கூப்பிடுகிறார்கள், அக்கா! அந்த இளவட்டத்தைப் பார்க்க வந்த அவர்கள் மேனேஜர் இவரைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். இந்த மனுஷன் இரண்டாம் டிவிஷன் மைதானத்துக்குள் இதுவரை டிக்கெட் வாங்கித்தான் போயிருக்கிறார். கோப்பை கழுவுகிற அந்த முதுகைப் பார்க்கப் பார்க்க எனக்கு அழுகை வந்துவிட்டது. நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, திரையை நானே கழற்றினேன்.

"போன் போடுங்க, வரோம்னு சொல்லுங்க."

"உன் பிணம்தான் நகரும்னு சொன்னியே, டோரி?"

"சொன்னேன். லாரியில ஓரமா அதுக்கும் இடம் விடுங்க."

அந்த ஊர் வீட்டு ஜன்னல்கள் ரொம்பப் பெரியவையாம். தையல் எந்திரம் இன்னும் கொஞ்ச நாள் என்னிடமே இருக்கட்டும்.