கைப்பற்றிய பொருட்களின் பட்டியல்

இலங்கைத் திருநாட்டின் ஏற்றுமதி வர்த்தகம் கொழும்பு வெள்ளவத்தையில் ஹியூபேட்டின் தட்டச்சுக் கடையால்தான் கெட்டுக்கொண்டிருக்கிறது என்பதை, பெயர் சொல்லி வம்பை விலைக்கு வாங்க நான் விரும்பாத ஓர் அமைச்சு 2007ஆம் ஆண்டில் கண்டுபிடித்தது. எடுத்துச் சொன்னது ஒரு வெளிநாட்டு மென்பொருள் கம்பனி. களவுப் பிரதிகளை ஒழிக்காவிட்டால் நாம் தைக்கும் சட்டைகளை அங்கே வாங்கமாட்டார்களாம். அமைச்சுக்குக் கஷ்டம் வேண்டாமென்று விதிகளையும் கம்பனியே எழுதிக் கொடுத்தது. கையெழுத்து வைக்கும் பாரிய பொறுப்பை மட்டும் அமைச்சு ஏற்றுக்கொண்டது.

அந்த விதிகளோடு உத்தியோகத்தர் சண்முகலிங்கம் கடைக்குள் வந்தபோது நான் போட்டோக்கொப்பி எடுக்க நின்றேன். கூடவே கம்பனிப் பிரதிநிதி றேமண்ட். அந்த வெயிலிலும் கழுத்தில் ரை கட்டியிருந்தார். கொம்பியூட்டரில் நாகேஸ்வரியக்காவின் கடிதம் பாதியில் நின்றது. அவர் யாழ்ப்பாணத்திலிருந்து கண் ஒப்பரேஷனுக்கு வந்து லொட்ஜில் தங்கியிருப்பவர். அது யுத்த காலம்; தமிழர் கொழும்பில் தங்கத் தகுந்த காரணம் வேண்டும். அதைத் தட்டச்சில் அடித்து நாலு மணிக்குள் பொலிசில் கொடுக்காவிட்டால் பஸ்ஸில் ஏற்றித் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

"இதில ஓடுறது களவுப் பிரதி. மெஷினைக் கைப்பற்றிறம்," என்ற சண்முகலிங்கம் றேமண்டைத் திரும்பிப் பார்த்தார். "அடுத்து என்ன செய்யோணும் எண்டு எங்கட சட்டம் சொல்லுது?"

"கைப்பற்றின பொருட்களின்ர பட்டியல், தட்டச்சில மூண்டு பிரதி." எழுதியவரல்லவா, பாராமலே சொன்னார்.

"எங்கட ஒஃபீஸ் மெஷின் பழுது. ஹியூபேட், நீரே அடியும்."

"எதில ஐயா அடிக்கிறது?"

றேமண்ட் ஆழ்ந்து சிந்தித்து, கம்பனியின் பெயரால் பத்து நிமிடத் தற்காலிக அனுமதி வழங்கினார்.

"அதுக்குள்ள என்ர கடிதத்தையும் முடிச்சுத் தாங்கோ தம்பி," என்றார் நாகேஸ்வரியக்கா.

"அனுமதி அரசாங்க வேலைக்கு மட்டும். களவு மென்பொருளில அடிச்ச கடிதமும் களவுப் பொருள்தான். அதையும் பட்டியலில போடுங்கோ," என்றார் றேமண்ட்.

"கடிதம் இல்லாட்டி என்னை ஏத்திப்போடுவாங்கள் ஐயா!"

சண்முகலிங்கம் சுவரைப் பார்த்தார். அவரும் பொலிசில் பதிந்துதான் வெள்ளவத்தையில் குடியிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது; ஆனால் நானும் அப்படிப் பதிந்து தங்கியிருப்பவன்தான், போட்டோக்கொப்பிகளை எண்ணத் தொடங்கினேன்.

"கடிதத்துக்கு உரியவவையும் சேருங்கோ. வழக்கு முடியுமட்டும் பட்டியலில உள்ள ஒண்டும் கொழும்பை விட்டுப் போகக்கூடாது. விதி ஒன்பது," என்றார் றேமண்ட்.

ஹியூபேட் அடித்தான்: கொம்பியூட்டர் ஒன்று, விசைப்பலகை ஒன்று, மவுஸ் ஒன்று, அரைகுறைக் கடிதம் ஒன்று, நாகேஸ்வரி ஒன்று.

வேறு கடதாசி இல்லாததால், சண்முகலிங்கம் முத்திரை குத்திக் கொடுத்த பட்டியலின் ஒரு பிரதியையே அக்கா பொலிசில் நீட்டினார். அரசாங்க முத்திரையைக் கண்டதும் அதிகாரி நிமிர்ந்து உட்கார்ந்தார். அடியில் அடித்திருந்த விதி ஒன்பதை இரண்டு தரம் வாசித்தார். வழக்கு முடியும்வரை கொழும்பை விட்டு அசையக்கூடாது என்று அக்காவைக் கடுமையாக எச்சரித்து அனுப்பினார்.

இந்த நாட்டில் வழக்கு எப்போது முடிந்தது! மறுநாள் ஹியூபேட் கிராண்ட்பாஸிலிருந்து இன்னொரு களவுப் பிரதி மெஷின் கொண்டுவந்தான். லொட்ஜ் லொட்ஜாகச் சனம் வந்து அரைகுறைக் கடிதங்களோடு வரிசையில் நின்று, "எப்ப ஐயா பிடிக்க வருவினம்?" என்று கேட்டது. தமிழ் மக்களின் ஒத்துழைப்பு ஈடிணையற்றது என்று கம்பனி தலைமையகத்துக்கு அறிக்கை அனுப்பியது.

மனிதராகத் தங்குவதற்குக் காரணம் கேட்டவர்கள், களவுப் பொருளாகத் தங்குவதற்கு ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அடுத்த முறை பிடிக்க வந்தபோது அடித்த புதிய பட்டியலில் நான் பதினேழாவது பொருள். முதலாவதாகச் சண்முகலிங்கம் தன் பெயரைப் போட்டுக்கொண்டார்.