உப்புக் கொட்டகையில் ஒரு சிவப்புக் கார்

எனக்கு உப்பைப் பற்றித்தான் தெரியும். மரக்காணத்தில் இருபது வருஷமாக உப்பு லாரி ஓட்டுகிறேன். உப்பு இரும்பைத் தின்னும். அதனால் தினமும் லாரியை நல்ல தண்ணீரில் கழுவுவேன். அப்படிப்பட்ட நான் செய்த காரியம் இது.

புதுச்சேரியில் ஒரு பெரியவருக்கு அவ்வப்போது கார் ஓட்டினேன். அவர் வெளிநாட்டுக்கே போனபோது தன் பழைய ஸ்போர்ட்ஸ் காரை எனக்குக் கொடுத்துவிட்டார். சிவப்பு. இரண்டே சீட்டு. "வாரம் ஒருநாள் ஓட்டுப்பா" என்றார்.

ஓட்டவில்லை. ஓட்டாமல் வைத்திருந்தால்தான் மதிப்பு என்று யாரோ சொன்னார்கள். (யார் என்று ஞாபகமில்லை. இருந்தால் போய்ப் பார்ப்பேன்.) ஒழுகாத கூரை எங்கே இருக்கிறது என்று தேடினேன். முதலாளியின் பழைய உப்புக் கொட்டகை காலியாக இருந்தது. அங்கே விட்டு, தார்ப்பாய் போட்டு மூடினேன். பெயின்ட் போய்விடும் என்று கழுவக்கூட இல்லை. மாதம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து, சத்தம் கேட்டு, அணைப்பேன்.

என் மனைவி ஸ்டெல்லா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"ஒரு ஞாயித்துக்கிழம பூசைக்கு அதுல கூட்டிட்டுப் போங்களேன்."

"மதிப்பு போயிடும்."

மூன்று வருஷம் இதே பதில்.

பிறகு சென்னையிலிருந்து ஒருவர் வாங்க வந்தார். பழைய கார்களைச் சேர்ப்பவர். "நீங்க ஓட்டுங்க. நான் என் வண்டியில பின்னாடி வர்றேன். புகை பாக்கணும்" என்றார்.

நான் ஏறினேன். பக்கத்து சீட்டில் ஸ்டெல்லா. பட்டுப்புடவை, பூ.

"எங்க வர்ற?"

"அதான் விக்கப் போறீங்களே. ஒரு தரம் உக்காந்து பாக்கறேன்."

வண்டியை எடுத்தேன். கூனிமேடு ரோடு. நல்ல காற்று.

"ஏங்க, ரோடு தெரியுது."

"தெரியாம? கண்ணாடி வழியா பாத்தா தெரியும்."

"கண்ணாடி வழியா இல்லீங்க. கால் வழியா."

பார்த்தேன். அவள் காலடியில் தகடு இல்லை. தார் ரோடு ஓடிக்கொண்டிருந்தது. ஒரு கால் செருப்பையும் காணோம்.

ஓரமாக நிறுத்தினேன். சென்னைக்காரர் செருப்பை எடுத்துக்கொண்டு வந்தார். குனிந்து ஓட்டையைப் பார்த்தார்.

"வண்டிய எங்க வெச்சிருந்தீங்க?"

"உப்புக் கொட்டாயில சார்."

"என்ன தொழில் பண்றீங்க?"

"உப்பு லாரி டிரைவர் சார்."

செருப்பை ஸ்டெல்லாவிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அவர் காரின் கண்ணாடி மூடிய பிறகு தோள் குலுங்கியது தெரிந்தது.

நான் ஸ்டீரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்டெல்லா காலைத் தூக்கி சீட்டில் சம்மணம் போட்டாள்.

"இனிமே யாரும் வாங்க மாட்டாங்க இல்ல?"

"மாட்டாங்க."

"அப்ப கொஞ்சம் வேகமா போங்க."

போனேன்.

இப்போது அடியில் லாரித் தகடு. கொட்டகையில் விடுவதில்லை, வீட்டு வாசலில் வேப்பமரத்தடியில் நிற்கிறது. சனிக்கிழமை கழுவுகிறேன், ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகிறோம். மாதா கோயில் வாசலில், காரில் இடமில்லாததால் முன்னாலேயே நடந்து வந்துவிடும் எங்கள் மகள் காத்திருந்து, "அம்மா, ரெண்டு செருப்பும் வந்துடுச்சா?" என்று எல்லார் காதிலும் விழும்படி கேட்பாள்.

வந்திருக்கும். ஸ்டெல்லா காரில் ஏறியதுமே அவற்றைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்வாள். லாரித் தகடு, ஓட்டை விழாது என்று நானும் வாராவாரம் சொல்கிறேன்.

"யாரு, உப்பு லாரி டிரைவர் சொல்றாரா?" என்கிறாள்.