காரணிக் கிராணி

நாற்பத்தேழு என்ற எண்ணைக் கேட்டுக் கண்கலங்கிய மனிதர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கணக்கு எழுதிய கிராணி.

மலாயாவில், கேமரன் மலையில், அவசரகாலம் நடந்துகொண்டிருந்த நேரம். நாங்கள் குடியிருந்த லயத்தைச் சுற்றி முள்கம்பி, வாசலில் காவல். காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளுக்கு யாரும் சோறு கொண்டுபோய்விடக் கூடாது என்று காலையில் எங்களை எண்ணி வெளியே விடுவார்கள், சாயங்காலம் எண்ணி உள்ளே எடுப்பார்கள். நான் அப்போதுதான் கல்யாணமாகி வந்து கொழுந்து பறிக்கப் போய்க்கொண்டிருந்தேன். எங்களைச் சமமான கூட்டங்களாகப் பிரித்து, கூட்டத்துக்கு ஒரு காவல்காரரோடு அனுப்ப வேண்டும் என்பது உத்தரவு. பிரிப்பது கிராணியின் வேலை. மற்றவர்களுக்கு அது தொல்லை. அவருக்குப் பிரசாதம்.

"அறுபது பேரு!" என்று காலையில் ஆள் எடுக்கும்போது கூவுவார். பனி விலகியிருக்காது, எங்கள் பற்கள் தந்தியடிக்கும். "ரெண்டால வகுக்கலாம், மூணால, நாலால, அஞ்சால, ஆறால... மீதியே வராது! எத்தனை காரணி பாருங்க! ராஜா எண்ணும்மா இது!"

"ராஜாவை அப்புறம் பாக்கலாம் லா, குளுருது ஐயா" என்பாள் தங்கம்மா. எங்கள் கூட்டத்துக்கு வாய் அவள்தான்.

இப்படிக் காரணி, காரணி என்று உருகியே அவர் காரணிக் கிராணி ஆனார். சொந்தப் பெயர் அவர் சம்சாரத்துக்காவது நினைவிருந்ததா, தெரியவில்லை. ஒருமுறை கோயில் திருவிழாப் பந்தியில் அறுபத்தொரு இலை விழுந்துவிட்டது. எப்படியும் சமமான வரிசைகளாக வராது. பரிமாறிக்கொண்டிருந்தவரைப் பிடித்து இழுத்து அறுபத்திரண்டாவது இலையில் உட்காரவைத்துவிட்டார். வரிசை ரொம்ப அழகாக இருந்தது. சாம்பார்தான் வரவில்லை.

நாற்பத்தேழு பேர் வந்த நாள்களில் எங்கள் பாடு திண்டாட்டம். இரண்டு கூட்டமாக்கினால் ஒருத்தி மிஞ்சுவாள். மூன்றாக்கினால் இரண்டு பேர், நான்காக்கினால் மூன்று பேர். "பகா எண்ணும்மா! ஒண்ணால வகுக்கலாம், இல்ல நாப்பத்தேழாலயே வகுக்கலாம். வேற எவனுக்கும் மசியாது!" என்று தலையில் கை வைத்துக்கொள்வார். மிஞ்சியவளை வீட்டுக்கு அனுப்பினால் அவளுடைய அன்றைய கூலி போகும். அதற்கு அவர் மனம் ஒப்பாது. அதனால் தானே ஒரு கூடையைத் தூக்கி முதுகில் மாட்டிக்கொள்வார்.

"நாப்பத்தெட்டு! நாலு பன்னெண்டு!"

கம்பளிக் கோட்டு, முழங்கால்வரை காலுறை, தொப்பி, முதுகில் கூடை. அந்தக் கோலத்தில் அவர் பறித்ததில் முக்கால்வாசி முற்றின இலை.

"ஐயா, கொழுந்து பறிக்கச் சொன்னா செடிக்கு மொட்டையடிக்கிறீங்களே!"

"கணக்கு சரியா இருக்குல்ல? அது போதும்மா."

அப்படி ஒரு நாற்பத்தேழில்தான், மத்தியான மழையில், லெட்சுமி செடிகளுக்கு நடுவே வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பிள்ளை பிறக்க நாள் இன்னும் இருக்கிறதே என்று நம்பி வேலைக்கு வந்தவள். மூத்த பெண்கள் சாக்குத் துணிகளை விரித்து மறைப்புக் கட்டினார்கள். கிராணி முதுகைத் திருப்பிக்கொண்டு, விலகிப் போகப் பார்த்தார்.

"ஐயா, போயிடாதீங்க, ஏதாச்சும் பேசிக்கிட்டே இருங்க!" என்று லெட்சுமி அலறினாள்.

அவருக்கு வேறு என்ன பேசத் தெரியும்? ஏழின் மடங்குகளை ஆரம்பித்தார். "ஏழு... பதினாலு... இருபத்தொண்ணு..." லெட்சுமியின் குரல் ஏற ஏற அவர் குரலும் ஏறியது. "தொண்ணூத்தொண்ணு!" என்று கத்தியபோது குழந்தை வீறிட்டது.

அவர் பக்கத்துச் செடியைப் பிடித்துக்கொண்டு அழுதார். "தொண்ணூத்தொண்ணு, பாத்தா பகா எண் மாதிரியே இருக்கும்மா. ஆனா ஏழு பதிமூணு" என்றார் மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"ஆம்பளப் புள்ள, ஐயா" என்றாள் தங்கம்மா.

"அதுவும் சந்தோஷந்தான்."

குழந்தையைத் தன் கோட்டில் சுற்றிக் கொடுத்தார். பொழுது சாயக் கம்பி வாசலுக்கு வந்து சேர்ந்தோம். பேசாமல் இருந்திருந்தால் கோட்டுக்குள் இருந்ததை யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். ஆனால் கிராணி எங்களை வரிசையாக நிறுத்திப் பூரித்துப்போய்க் கூவிவிட்டார்: "ஏழேழு நாப்பத்தொம்போது!"

காவலில் இருந்த மலாய் சார்ஜண்ட் நிமிர்ந்தார். காலையில் வெளியே போனது நாற்பத்தெட்டு. "சத்து ஓராங் லெபே!" என்றார். ஒரு ஆள் கூடுதல்.

தங்கம்மா கோட்டை விலக்கிக் காட்டினாள். சார்ஜண்டின் முகம் மலர்ந்தது. குழந்தையை எண்ண வேண்டாம், நாற்பத்தெட்டு என்றே வைத்துக்கொள்ளலாம், போங்கள் என்று கையசைத்தார். நல்ல மனிதர். நாங்களும் நகர்ந்தோம்.

கிராணி நகரவில்லை. "எண்ணாம எப்படி? பொறந்தாச்சுல்ல? அதுவும் ஒரு ஆள்தான்."

"அட, சும்மா இருங்க லா!" என்று நாங்கள் எல்லாரும் ஒரே குரலில் கத்தினோம்.

எண்ணினால் நாற்பத்தொன்பது, அதை ஏற்க மேலதிகாரியோ தோட்டத்து வெள்ளைக்காரத் துரையோ வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்றார் சார்ஜண்ட். லெட்சுமி குளிரில் வெடவெடத்தாள். கிராணி அவளைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார். பிறகு வரிசையை விட்டு விலகி நின்றார்.

"நாப்பத்தெட்டுப் பேரை உள்ள விடுங்க. புள்ளையும் அதுல ஒண்ணு. நான் வெளியில நிக்கிறேன்."

இருட்டிவிட்டால் கம்பிக்கு வெளியே அசைவதைச் சுடலாம் என்பது உத்தரவு. அது அவருக்கும் தெரியும். கோட்டு இல்லாமல், மழையில், முதுகில் கூடையோடு நின்றார். லெட்சுமியை இரண்டு பேர் மருந்தகத்துக்குத் தூக்கிப்போனார்கள். மற்ற நாங்கள் கம்பியை விட்டு அசையவில்லை. கொஞ்ச நேரத்தில் துரையின் ஜீப் வந்தது.

"கிராணி, வெளியே என்னா செய்றான்?" துரையின் தமிழ் அப்படித்தான்.

"மீதி, துரை" என்றார் கிராணி, பல் கிட்டிக்க.

துரை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு இறங்கி, நாற்பத்தொன்பது என்று தானே கையெழுத்துப் போட்டு, அவரை உள்ளே கூட்டிவந்தார்.

லெட்சுமி பிள்ளைக்கு ஏழுமலை என்று பெயர் வைத்தாள். கிராணிக்கு நல்ல சளிக் காய்ச்சல். எல்லா வீட்டிலிருந்தும் மிளகு ரசம் போய், அவர் சம்சாரம் பாத்திரம் போதாமல் திணறினார்.

அதற்குப் பிறகு, சாயங்காலம் எங்களை எண்ணி முடித்து உள்ளே விட்டாலும், கிராணி வாசலைத் தாண்டி வரும்வரை ஒருத்திகூட வீட்டுக்குப் போக மாட்டோம். அப்படி ஒரு உத்தரவை யாரும் போடவில்லை.